குளத்தை மூட விடமாட்டேன்

கரையான்சாவடி
6 அக்டோபர் 2024

அக்கா,

அல்லாஹ்வின் சாந்தி உன்மீது நிலவட்டும்.

என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய் என்று என் மகள் சுமையாதான் கண்டுபிடித்துச் சொன்னாள். அதனால்தான் காகிதம். உன் திருநின்றவூர் முகவரியை ஜமீர் மச்சானிடம், சவூதியில் தம்மாமுக்குப் போன் போட்டு வாங்கினேன். முகவரி தருகிறேன், ஆனால் உன் அக்கா பதில் போடுவாள் என்று எதிர்பார்க்காதே என்றார். நீ போடுவாய். சண்டை என்று வந்தால் பாதியில் விட்டுப் போகிறவள் இல்லை நீ.

விஷயத்துக்கு வருகிறேன். நம் குடியிருப்பின் நீச்சல் குளத்தை மூடிவிடுவதாகப் பேச்சு. ஏப்ரலில் உன் பிள்ளை ருகையா அதில் மூழ்கி மவுத்தானதிலிருந்து தண்ணீரை இறைத்துப் பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் பால்கனி நேராக அதைப் பார்த்துத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அந்தக் கதவைத் திறப்பதே இல்லை. துணி காயப்போடக்கூட என்னை விடுவதில்லை, ஈரத் துணியெல்லாம் ஹாலில் தொங்குகிறது. சங்கத்து செக்ரட்டரி என்ற முறையில் அவரே கூட்டத்தில் எழுந்து, மண் கொட்டி மூடி, மேலே புல் வளர்த்து, ருகையா பெயரில் ஒரு பூங்கா வைக்கலாம் என்று சொன்னார்.

பொது வசதி எதை எடுப்பதென்றாலும் சங்க விதிப்படி எல்லா வீட்டுக்காரர்களும் சம்மதிக்க வேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. பூட்டிக் கிடக்கும் உன் வீடு ஒன்றுதான் பாக்கி. தாளை இதோடு வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பிவிடு அக்கா. பிள்ளை போன இடத்தைத் தினமும் யாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

ஜீனத்


திருநின்றவூர்
15 அக்டோபர் 2024

ஜீனத்,

நான் ஸலாம் எழுதவில்லை. உன்மீது சாந்தி உண்டாகட்டும் என்று எழுதினால் அது துஆ, அல்லாஹ்விடம் கேட்பது. மனசில் இல்லாததைத் துஆவாகக் கேட்டுப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பூங்காவாம். என் பிள்ளையின் பெயரில் புல்லாம். சாயங்காலம் பெரியவர்கள் நடக்க வருவார்கள், பிள்ளைகள் ஊஞ்சல் ஆடும், உன் வீட்டுக்காரர் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிப்பார். நன்றாக யோசித்திருக்கிறார்.

அன்றைக்கு நான் வேலையில் இருந்தேன், நீ அவளைக் கூட்டிக்கொண்டு போனாய். நான் கண்ணால் பார்க்கவில்லை என்பதால் எனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு வீடாக ஏறிக் கேட்டிருக்கிறேன். லேடீஸ் டைம் முடிந்ததும் தண்ணீரில் தேங்காய் எண்ணெய் மிதக்கிறது, பிறகு நாங்கள் எப்படி இறங்குவது என்று ஆண்கள் புகார் சொன்னார்கள். அதற்கு உன் வீட்டுக்காரர் கண்ட வழி என்ன? பொம்பளைகள் தண்ணீரில் இருக்கும்போதே மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டு, எண்ணெயை அப்போதைக்கப்போதே இழுத்துக்கொள்ளட்டும் என்றார். குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் வாய்க்கு மேலிருந்த ஜல்லடை உடைந்திருந்தது. அது அவருக்குத் தெரியும். சீசன் முடியட்டும், மாற்றலாம் என்றார். அதன் மேல்தான் என் மகள் போய் உட்கார்ந்தாள். தண்ணீருக்கடியில் யார் அதிக நேரம் உட்கார்வது என்று பிள்ளைகள் விளையாடினார்களாம். இடுப்பு வரை தொங்கிய அவள் முடியை மோட்டார் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உன் வீட்டுக்காரர் சூப்பர்வைசர். அங்கே யாராவது மெஷினுக்குள் கை விடுவதென்றால் முதலில் சுவிட்சை அணைத்து, பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் விடுவார். என் டிபார்ட்மெண்டில் ஒருவனுக்கும் விரல் போனதில்லை என்று பெருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்து எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாதவன் விரலுக்கு இருந்த அக்கறை, சாச்சா சாச்சா என்று பின்னாலேயே சுற்றிய பிள்ளைக்கு இல்லை.

நீ அனுப்பிய தாள் பத்திரமாக இருக்கிறது. பால் பாத்திரத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடமாட்டேன். குளத்தை மூட விடமாட்டேன்.

ஷாகிதா


கரையான்சாவடி
10 நவம்பர் 2024

அக்கா,

நீ எழுதாவிட்டாலும் நான் ஸலாம் சொல்கிறேன்.

உன் கடிதத்தை அவர் பார்க்காமல்தான் படிக்க நினைத்தேன். பார்த்துவிட்டார். படித்து முடித்து மடித்துக் கொடுத்தார். அப்புறம் ஒளூ செய்துவிட்டுத் தொழப் போய்விட்டார். அவரைக் கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரியாது.

அவர் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. நூறு வீட்டுக்காரர்கள் நூறு விதமாகப் புகார் சொன்னால் செக்ரட்டரி என்னதான் செய்வார்? காவலுக்கு வைத்த வேம்புலி வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தானே, அவனை ஏன் நீ கேட்கவில்லை? போலீஸே விபத்து என்று எழுதிவிட்டது. அல்லாஹ் நாடியது நடந்தது. ஜமீர் மச்சானும் அதைத்தான் சொல்கிறார்.

நான் எழுதுவது வேறொன்றுக்காக. அவர் டிசம்பரில் மக்காவுக்கு உம்ரா போக இருக்கிறார். போகும் முன் யார் மனசையும் நோகடித்திருந்தால் மாப்பு கேட்டுவிட்டுத்தானே போக வேண்டும். ஆபீஸில், தெருவில், பள்ளிவாசலில் எல்லோரிடமும் கேட்டுவிட்டார். உன்னிடம் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அவருக்காக நான் கேட்கிறேன். மாப்பு கொடுத்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். குளத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஜீனத்


திருநின்றவூர்
24 நவம்பர் 2024

ஜீனத்,

வேம்புலியை நான் ஏன் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்டுவிட்டேன். உங்கள் சங்கம் அவரை வேலையிலிருந்து துரத்திய பிறகு குமணன்சாவடியில் ஒரு பஞ்சர் கடையில் இருக்கிறார். ரயிலைப் பிடித்து, பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றவர் நான் கிளம்பும் வரை உட்காரவே இல்லை. லேடீஸ் டைமில் காவலுக்கு இருப்பவர், குளத்தைச் சுற்றி மறைப்புக்குக் கட்டிய வலைக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பது செக்ரட்டரி போட்ட உத்தரவாம். போனில் பேசினீர்களா என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன்.

"போனெல்லாம் இல்லம்மா. கத்தல் கேட்டு ஓடியாந்தேன். பச்சை வலைய பிடிச்சுகினு, உள்ள வரட்டாமான்னு கேட்டேன். இரு, துப்பட்டா போட்டுக்கறோம்னாங்க. நானும் நின்னுகினே இருந்தேன்மா. கிழிச்சுகினு குதிச்சிருக்கணும். நிக்கச் சொன்னாங்க, நின்னுட்டேன்."

அப்படிச் சொன்ன குரல் யாருடையது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், ஜீனத்.

எல்லோரும் துணியைச் சரிசெய்துகொண்ட பிறகு அவரை உள்ளே விட்டார்கள். மோட்டார் ரூம் எங்கே என்று உள்ளே இருந்த ஒருத்திக்கும் தெரியாது. அவர் ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து முடியை அறுத்து அவளைத் தூக்கினார். குளத்தின் ஓரத்தில் ஒரு சுவிட்ச் இருந்திருந்தால், எந்தப் பொம்பளையாவது ஈரக் கையோடு எட்டி அதைத் தட்டியிருந்தால் போதும். அல்லாஹ் நாடியது என்கிறாய். அல்லாஹ் யாரிடமும் மோட்டாரைப் போடச் சொல்லவில்லை. அதைச் சொன்னவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, கலீல் ரகுமான்.

மாப்பு வேண்டுமாம். ஓர் அடியானுக்குச் செய்த தீங்கை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும் என்று ஓதிக் கொடுத்திருக்கிறார்கள் நமக்கு. பறிபோனது என் உயிர் இல்லை. நான் மன்னித்தால் அது அடுத்தவர் பொருளை எடுத்துத் தானம் கொடுப்பது போல. உன் வீட்டுக்காரரை அவளிடமே போய்க் கேட்கச் சொல். அவளை அடக்கிய கபர்ஸ்தான் பூந்தமல்லியில்தான் இருக்கிறது, மக்காவைவிடப் பக்கம்.

ஷாகிதா


கரையான்சாவடி
19 ஜனவரி 2025

அக்கா,

அவர் உம்ராவுக்குப் போகவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். சந்தோஷமா?

உன் கடிதம் வந்த மறுநாள் கபர்ஸ்தானுக்குப் போனார். அன்றிலிருந்தே சரியாகச் சாப்பிடுவதில்லை. மனிதன் பாதியாக இளைத்துவிட்டார். வீட்டை விற்றுவிட்டு எங்காவது போய்விடலாம் என்றேன். குளத்தைப் பார்த்ததுமே வாங்க வருகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள். அதுவும் நீ கையெழுத்துப் போடாததால்தான்.

துப்பட்டாவைப் பற்றி எழுதியிருந்தாய். ஈரத் துணியில், ஒட்டிக்கொண்ட உடம்போடு, பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அலறிக்கொண்டு நின்றால் என்ன பேசுவோம் என்று ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உனக்கு எப்படித் தெரியும்? சின்ன வயசிலிருந்து வாயில் வந்து வந்து பழகிய சொல் அது. யோசித்துச் சொல்வதா அது? அவள் எனக்கு யாரோவா? அன்றைக்கு அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தானே, நீயா?

இன்னொன்றும் சொல்கிறேன், நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். அந்தப் பச்சை வலை கேட்டு முதலில் மனு எழுதினோமே, அதில் இரண்டாவது கையெழுத்து உன்னுடையது. வலை இல்லாவிட்டால் என் மகளை அனுப்பமாட்டேன் என்று சொன்னவள் நீ. இப்போது எங்களை மட்டும் கூண்டில் ஏற்றுகிறாய். உனக்கு வேண்டியது நியாயம் இல்லை. நாங்கள் வாழ்கிறோமே, அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை.

நீ ஆவடிக்கெல்லாம் போய் யாரோ நீச்சல் சொல்லித் தருகிற பெண்ணைப் பார்த்துப் பேசினாய் என்று காதில் விழுந்தது. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் அவர் செக்ரட்டரி பதவியை விட்டுவிடப் போகிறார். அதற்கப்புறம் குளத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

ஜீனத்


திருநின்றவூர்
25 பிப்ரவரி 2025

ஜீனத்,

கூட்டத்துக்கு நீ வரவில்லை. தலைவலி என்றார்கள். சரி, நடந்ததை நானே எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் முழுதாகச் சொல்லியிருக்கமாட்டார்.

முதலில் வலை. ஆமாம், கையெழுத்துப் போட்டேன். அதற்கான தண்டனையைத் தினமும் அனுபவிக்கிறேன். காலையில் எழுந்து, பின்னிவிட ஒரு தலை இல்லாமல் வேலைக்குப் போவது எப்படி இருக்கும் என்று உன்னைப் போன்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்குத் தண்டனை ஆரம்பித்தாயிற்று. உன் வீட்டுக்காரருக்குத்தான் இன்னும் ஆரம்பிக்கவில்லை. மண் கொட்டித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார்.

குளத்தை மூடுவது பற்றிப் பேச்சு எடுத்ததும் நான் எழுந்தேன். குளம் இருக்கட்டும், ஆனால் ஒழுங்காக இருக்கட்டும் என்றேன். ஆவடியில் நீச்சல் சொல்லித் தரும் அந்தப் பெண் அருள்மொழியை லேடீஸ் டைமுக்கு லைஃப்கார்டாக வைக்க வேண்டும், அவர் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார வேண்டும். வலையை இடுப்பு உயரத்துக்குக் குறைக்க வேண்டும், முழுக்கை முழுக்கால் நீச்சல் உடுப்பு போட்டுக்கொண்டால் வலைக்கு அவசியமே இல்லை. அடியில் உறிஞ்சும் வாய்க்குப் புதிதாக இரண்டு ஜல்லடை. குளத்தின் ஓரத்தில் எல்லோர் கைக்கும் எட்டும்படி சிவப்பு சுவிட்ச். நீண்ட முடிக்குத் தொப்பி. அப்புறம், தண்ணீரில் ஒரே ஒரு உயிர் இருந்தாலும் மோட்டார் ஓடக் கூடாது.

கடைசியாகச் சொன்னதுதான் நான் அங்கே வந்த காரியம். லேடீஸ் டைம் தொடங்கும் முன் செக்ரட்டரி தன் கையால் மோட்டாரை அணைத்து, ரூமைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கடைசிப் பிள்ளை கரையேறும் வரை அந்த வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அம்பத்தூரில் அவர் செய்வதுதானே என்றேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் எழுந்து நின்று கேட்டால் யாருக்கு வாய் வரும்? ஒருவரும் எதிர்க்கவில்லை. எதிர்க்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் நின்றேன். என் துக்கத்தை நான் கத்தியாக எடுத்துக்கொண்டு போனேன் என்று நீ சொல்வாய். ஆமாம், அப்படித்தான். பதவியை விடுகிறேன் என்று அவர் எழுந்தபோது, உங்கள் காலம் முடியும் வரை நீங்கள்தான், வேறு யாரும் வேண்டாம் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவரைப் பாராட்டுவதாக நினைத்துத் தட்டினார்கள் பாவம்.

ஷாகிதா


கரையான்சாவடி
11 மே 2025

அக்கா,

பெருநாள் முடிந்து குளத்தைத் திறந்தார்கள். நீ கேட்டபடியெல்லாம் ஆயிற்று. வேம்புலியையும் ஆண்கள் நேரத்துக்குத் திரும்ப வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அவரைக் கூப்பிட்டு வந்தது இவர்தான், தானாகவே குமணன்சாவடிக்குப் போனார். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதல் நாள், கழுத்தில் மாட்டச் சொல்லிச் சாவியை என்னிடம் நீட்டினார். நான்தான் மாட்டிவிட்டேன். மோட்டார் ரூம் வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பொம்பளைகள் அவரைக் கடந்து போகும்போது ஸலாம் சொன்னார்கள், வணக்கம் சொன்னார்கள், ஒருத்தி பிஸ்கட் கொடுத்தாள். யாரும் ஏளனமாகப் பார்க்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது என்றார். பிள்ளைகள் அலறி விளையாடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து நின்றுவிடுகிறாராம். அருள்மொழி உள்ளேயிருந்து, ஒன்றுமில்லை சார், உட்காருங்கள் என்று குரல் கொடுப்பாளாம். எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். வேம்புலி வந்து கையைப் பிடித்துத் தூக்கி வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

அன்றைக்குத்தான் அக்கா, ஒரு வருஷம் கழித்து, அவர் வாய்விட்டு அழுதார். சுமையா பயந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "இழுத்ததே நான்தான் ஜீனத்," என்றார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். நீ கேட்க விரும்பிய சொல் இதுதானே? இதோ, எழுதிக் கொடுத்துவிட்டேன்.

போதுமா அக்கா? அவரை விட்டுவிடு. வேறு யாராவது அந்தச் சாவியைப் போட்டுக்கொள்ளட்டும். நான் போட்டுக்கொள்கிறேன். அந்தக் குரல் யாருடையது என்று நீ கேட்காமலேயே விட்டாயே, அதற்காகவாவது என்னை உட்காரவை.

சுமையா வேறு, எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள், நான் மட்டும் ஏன் போகக் கூடாது என்று நச்சரிக்கிறாள். உன் முகத்தை நினைத்துக்கொண்டு நான் அனுப்பவில்லை.

ஜீனத்


திருநின்றவூர்
18 மே 2025

ஜீனத்,

போதாது.

வேம்புலியை அழைத்து வந்ததற்கு மட்டும் உன் வீட்டுக்காரருக்கு என் நன்றியைச் சொல். அது வேறு கணக்கு.

அவர் அழுதார் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் இத்தனை மாதம் காத்திருந்தேன். சாப்பாடு இறங்கியது, அவ்வளவுதான். வேறொன்றும் ஆகவில்லை. மனுஷனை அழவைத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தேதான் செய்தேன், இனியும் செய்வேன்.

உனக்குச் சாவி கிடையாது. உனக்கு வேறு வேலை இருக்கிறது. 26ஆம் தேதி திங்கட்கிழமை சுமையாவுக்குத் தலையை இறுக்கப் பின்னி, தொப்பி போட்டு, கீழே அனுப்பு. நான் வேலையை விட்டுச் சீக்கிரம் கிளம்பி வருகிறேன். அருள்மொழியிடம் பேசிவிட்டேன், இடுப்பளவு தண்ணீரில் சுமையா பக்கத்திலேயே நான் நிற்பேன். பெற்ற பிள்ளையை ஒருத்தியை நம்பித் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு மேலே இருப்பது எப்படி இருக்கும் என்று நீயும் ஒரு தடவை தெரிந்துகொள்.

சுமையாவுக்கு ஒன்றும் ஆகாது. சிரித்துக்கொண்டே, பசிக்கிறது என்று கத்திக்கொண்டே படியேறி வருவாள். மறுநாளும் வருவாள். எல்லாப் பிள்ளைகளும் எல்லா நாளும் உயிரோடு வருவார்கள். மோட்டாரை அணைத்து, பூட்டி, ஒருவர் காவலுக்கு உட்கார்ந்தால் போதும். அவ்வளவு சுலபமான வேலை அது. உன் வீட்டுக்காரர் அந்த வாசலில் உட்கார்ந்து அதைத்தான் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும்.

ஷாகிதா